செவன் கிங்ஸ் பிள்ளைகளும் திருத்திய விதிநூலும்



சென்ற மாதம் பங்குப் பேரவையில் இளையோர் கணக்கு வாசிக்கப்பட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மண்டபத்தில் கூடும் பிள்ளைகள், ரோல்ஸும் வடையும் விற்றுச் சேர்த்த பணத்தில் தங்கள் விளையாட்டுக்கு மூன்று நூல்கள் வாங்க அனுமதி கேட்டிருந்தார்கள். "அந்தப் புத்தகங்கள் அலுமாரிக்குள்ள கிடக்குதுதானே ஃபாதர், அதையே ஏன் திரும்ப வாங்க வேணும்?" என்று ஓர் அம்மா கேட்டார். அவருக்குப் பின்வரிசையிலிருந்த ஐயா ஒருவர், "முதல்ல அது என்ன விளையாட்டு எண்டு சொல்லுங்கோ. பேய், பிசாசு எண்டெல்லாம் கேள்விப்பட்டம்" என்றார். இரண்டுமே அவசரத்தில் விடை சொல்லக்கூடிய கேள்விகளாக இல்லாமையால், எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பதிவு சற்று நீளம். செவன் கிங்ஸ் நிலையத்தில் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்குவதற்குள் வாசித்துவிடலாம்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். திரை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு மேசை, தாள், பென்சில், நான்கு முகம் தொடங்கி இருபது முகம் வரையுள்ள பகடைகள், இவை போதும். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். "பாலம் உடைந்து கிடக்கிறது, அக்கரையில் புகை தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். தாண்டிக் குதிப்பேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் இருபது முகப் பகடை உருளும். விழுந்த எண்ணோடு அப்பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, தாண்டினானா ஆற்றில் விழுந்தானா என்று தீர்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: டன்ஜன் மாஸ்டர் என்பவர் அண்ணாவியார். ஒரு வேறுபாடு உண்டு. இந்தக் கூத்தின் முடிவு அண்ணாவியாருக்கே தெரியாது.

நம் மண்டபத்து அண்ணாவியாருக்கு வயது 17. மூன்று ஆண்டுகளாக ஒரே நெடுங்கதையை நடத்தி வருகிறான். நாம் வாழும் இவ்வூரின் பெயருக்குச் சொல்லப்படும் பழங்கதையைக் கேட்டிருப்பீர்கள்: ஏழு அரசர்கள் இவ்வழியே வந்தபோது இங்குள்ள ஓடையில் குதிரைகளுக்கு நீர் காட்டினார்களாம். பெயராய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. சேஃபெக்கா என்பவனுடைய மக்கள் குடியிருந்த இடம் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லே இப்படி மருவியது என்பார்கள். நம் பையனுக்கு அரசர்களே வசதியாக இருந்தார்கள். ஆறு பேர் ஓடையைக் கடந்து போய்விட்டார்கள், ஏழாமவனைக் காணவில்லை, அவனைத் தேடுவதே கதை. எட்டுப் பிள்ளைகள் தேடுகிறார்கள். பிள்ளைகள் பாதுகாப்பு விதிகளின்படி பெரியவர்கள் இருவர் அறையில் இருக்க வேண்டும் என்பதால் தேநீர்க் கோப்பையோடு மூலையில் உட்காரத் தொடங்கிய என்னையும் இரண்டாம் மாதத்திலேயே மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். குருவானவருக்குக் குரு வேடமே கொடுத்தால் சுவை இராது என்று எனக்குத் திருடன் வேடம் தந்தார்கள். பூட்டுத் திறப்பதில் எனக்கு நல்ல பெயர்.

இனி, பேய் பிசாசு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய இவ்விளையாட்டு முதலில் ஆயிரம் பிரதிகளே அச்சாயிற்று. பத்தாண்டுகளுக்குள் அது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவியது. கூடவே அச்சமும் பரவியது. மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த வர்ஜீனியா மாநிலத்துத் தாய் ஒருவர் 1983இல் இதற்கெதிராக ஓர் இயக்கமே தொடங்கினார். அவருடைய துயரத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆயினும் அந்தச் சாவுக்கு விளையாட்டே காரணம் என்பது நிறுவப்படவில்லை. நமக்குப் பயன்படும் செய்தி அதற்குப் பின்னர் நடந்தது. 1989இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது, பெற்றோரின் சினத்தைத் தணிக்க, பேய், பிசாசு என்னும் சொற்களை நூலிலிருந்து நீக்கினார்கள். சிறிது காலத்தில் அதே உருவங்கள் வாயில் நுழையாத புதுப்பெயர்களோடு திரும்பி வந்தன. 2000இல் மூன்றாம் பதிப்பு பழைய பெயர்களையே மீட்டுக்கொண்டது. பெயர் மாறி மீண்ட இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தப் பிள்ளையும் கூடுதலாகக் கெட்டதாகவோ கூடுதலாகத் திருந்தியதாகவோ தெரியவில்லை.

எனவே ஐயாவுக்கு என் விடை: ஆம், நூலில் பிசாசுகள் உண்டு. பிள்ளைகள் அவற்றை எதிர்த்து நிற்கிறார்கள். ஒரு முறை ஒரு பையன் பிசாசோடு உடன்படிக்கை செய்யப் போனபோது மற்ற எழுவரும் முக்கால் மணி நேரம் வாதாடி அவனை மீட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அது மறைக்கல்வி வகுப்பாகிக் கெட்டுப்போயிருக்கும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அலுமாரியில் இருப்பவை 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. விளையாட்டின் ஐம்பதாம் ஆண்டாகிய 2024இல் அதன் திருத்திய வடிவம் வந்தது: செப்டம்பர் 17 அன்று விளையாடுவோருக்கான நூல், நவம்பரில் நடத்துபவருக்கான நூல், 2025 பெப்ரவரியில் விலங்குகளும் அரக்கர்களும் அடங்கிய நூல். முதல் நூல் 320 பக்கங்களிலிருந்து 384 ஆகப் பெருத்திருக்கிறது. வெளியீட்டாளர் இதை ஆறாம் பதிப்பு என்று சொல்வதில்லை. ஐந்தாம் பதிப்பே, சீர்செய்யப்பட்டது, பழையதோடு சேர்த்தும் ஆடலாம் என்கிறார். இப்படிச் சொல்வதால்தான் சிக்கல். முற்றிலும் புதியதென்றால் வேண்டாம் என்று ஒதுக்கலாம். பழையதேயென்றால் வாங்கத் தேவையில்லை. (அதே ஆண்டு திருவருகைக் காலத்தில் இந்நாட்டு ஆலயங்களில் புதிய வாசக நூல் வந்தபோது உங்களில் சிலர் முகத்தில் நான் கண்ட அதே ஐயத்தை இப்பிள்ளைகள் முகத்திலும் கண்டேன்.)

திருத்தங்களில் பல சிறியவை, சில உண்மையில் நல்லவை. காயம் ஆற்றும் மந்திரம் முன்பு ஒரு பகடை அளவே ஆற்றும், இப்போது இரண்டு. மருந்துக் குப்பியைக் குடிப்பதற்கு ஒரு முழு முறையை இழக்க வேண்டியதில்லை. களைப்புக்கு முன்பிருந்த ஆறு படி அட்டவணையை ஒருவருக்கும் நினைவில் வைக்க முடியவில்லை; இப்போது ஒவ்வொரு படிக்கும் பகடை எண்ணில் இரண்டைக் கழித்தால் போதும். வாளுக்கும் ஈட்டிக்கும் தனித்தனி நுட்பங்கள் தந்திருக்கிறார்கள். என் திருடன் இதனால் பெருமகிழ்ச்சியடைந்தான் என்பதைப் பக்கச்சார்பின்றிப் பதிவு செய்கிறேன்.

இவற்றுக்காகப் பிள்ளைகள் மூன்று வாரம் தகராறு செய்யவில்லை. அவர்கள் பிரிந்து நின்றது வேறு இரண்டு இடங்களில். அவற்றைச் சொல்லவே இப்பதிவு.

பழைய நூலில் நீங்கள் எந்த இனத்தில் பிறந்தீர்களோ அதைப் பொறுத்து உங்கள் திறமை கூடும். மலைக்குள்ளர் குலத்தில் பிறந்தால் உடல் வலிமை, எல்ஃப் என்னும் வனவாசியாகப் பிறந்தால் சுறுசுறுப்பு, இப்படி. 2020இல் வந்த துணைநூல் ஒன்று இதைத் தளர்த்திக்கொள்ள இசைவளித்தது. புதிய நூலோ முற்றாகவே எடுத்துவிட்டது. இனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் நீக்கி, உயிர்வகை என்னும் பொருளுடைய சொல்லை வைத்திருக்கிறது. இனித் திறமை கூடுவது, வீரச்செயலுக்குப் புறப்படுமுன் நீங்கள் என்னவாக இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது: உழவரா, படைவீரரா, அறிஞரா, பிரபுவா. பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வை நம் ஊர்களிலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம் ஆலய வளாகங்களிலும் கண்டவன் நான். ஆகவே வாசித்ததும் மகிழ்ந்தேன்.

என் மகிழ்ச்சியைக் கெடுத்தவன் 13 வயதுப் பையன் ஒருவன். அவனுடைய தந்தைவழித் தாத்தா நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். தன் பாத்திரத்தை உழவனாக்க விரும்பிப் புதிய நூலைப் புரட்டினான். உழவருக்குக் கூடுபவை மூன்று: வலிமை, உடலுறுதி, அனுபவ அறிவு. பிரபுவுக்கு வலிமை, கல்வியறிவு, பேச்சுக் கவர்ச்சி. "ஏன் ஃபாதர், தோட்டக்காரனுக்குக் கல்வியறிவு கூடாதா? அப்பப்பா வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டேதான் அப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்" என்றான். உழவன் கல்வியறிவில் உயர விதி தடைசெய்யவில்லை, அந்தக் கூடுதல் எண் மட்டும் கிடைக்காது என்று அண்ணாவியார் பொறுமையாக விளக்கினான். பையன் அமைதியடையவில்லை. நானும் அமைதியடையவில்லை. பிறப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொழிலை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அவை இரண்டும் வெவ்வேறாகத் தோன்றக்கூடும். நாம் வந்த ஊர்களிலோ பல நூறு ஆண்டுகளாக அவ்விரண்டும் ஒன்றாகவே கட்டப்பட்டுக் கிடந்தன. நடத்துபவருக்கான நூலில், வேண்டிய பின்னணியை மேசையே வகுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அப்பக்கத்தைக் காட்டிய பிறகே பையன் தன் ரோல்ஸைக் கடித்தான்.

இரண்டாவது இடம் இன்னும் கடினமானது. பழைய நூலில் பாதி எல்ஃப் என்று ஒரு வகை உண்டு: மனிதருக்கும் எல்ஃபுக்கும் பிறந்த பிள்ளைகள். இரு வீட்டிலும் உறவினர் இருந்தும் இரு வீட்டிலும் விருந்தாளியாகவே உணர்கிறவர்களாக அந்நூல் அவர்களைச் சித்திரிக்கும். புதிய நூலில் அவர்கள் இல்லை. பாதி என்னும் சொல்லோடு மனிதரை வகைப்படுத்துவது தங்களுக்கு உறுத்துகிறது என்பதே ஆக்கியோர் முன்பே சொன்ன காரணம். பழைய நூலிலிருந்து எடுத்து ஆடிக்கொள்ளலாம். ஆனால் புதிய நூலின் பத்து வகைகளுள் அவர்களுக்குப் பக்கம் இல்லை.

நம் மேசையில் மூன்று ஆண்டுகளாகப் பாதி எல்ஃப் வேடம் ஏற்றிருப்பவள் 15 வயதுப் பெண். அவளுடைய அம்மா பருத்தித்துறை, அப்பா அயர்லாந்து. புதிய நூலை முதலில் வாங்கிய பையன், அவளை மகிழ்விப்பதாக எண்ணி, "இனி உன்னைப் பாதி என்று எவரும் சொல்ல முடியாது" என்றான். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "என்னை முழுதாக்குகிறோம் என்று என் பக்கத்தையே கிழித்துவிட்டார்கள். என்னிடம் கேட்டார்களா?" பிறகு, தமிழ் விழாக்களில் அம்மாவின் தோழியர் "பிள்ளைக்குத் தமிழ் விளங்குமோ?" என்று அவள் தலைக்கு மேலாகவே கேட்பதையும், அப்பாவின் ஊரில் கடைக்காரர் அவளுடைய ஆங்கிலத்தைப் பாராட்டுவதையும் சொன்னாள். தனக்கு அந்த வாழ்வைப் பற்றி எழுதிய ஒரு பக்கம் எங்கோ ஒரு நூலில் இருந்தது, அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் என்றாள்.

மேசையில் அமைதி. அவள் பக்கமே நியாயம் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் பேசாத ஒருவன் பேசினான். அவனுடைய தாய் தமிழர், தந்தை சிங்களவர். "எனக்கு அந்தச் சொல் போனது நல்லது" என்றான். சிறு வயதில் உடன் படித்த பிள்ளைகள், அவர்களுள் நம் பிள்ளைகளும் உண்டு, அந்தச் சொல்லாலேயே அவனை அழைத்தார்களாம். விளையாட வருமிடத்திலும் அதை அச்சில் பார்க்க வேண்டுமா என்று கேட்டான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

நூலாக்கியோர் ஒரு பெருங்கூட்டத்துக்காக எழுதுகிறார்கள். அவர்கள் ஒரு சொல்லை வைத்தாலும் எடுத்தாலும் இவ்விருவரில் ஒருவருக்கு நோகும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எட்டுப் பேர் சூழ்ந்த மேசை பெருங்கூட்டமன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும். அன்று மாலை ஏழாம் அரசன் தேடப்படவேயில்லை. பெண்ணும் பையனும் பேசினார்கள், மற்றவர்கள் கேட்டார்கள், எட்டரை மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வந்தவர் இருமுறை இருமினார். முடிவில் அவர்களே ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிய விதி இது: தன் பாத்திரத்தின் பிறப்பை என்ன சொல்லால் குறிப்பது என்பதை அப்பாத்திரத்தை ஏற்றவரே சொல்வார், பிறர் அச்சொல்லையே வழங்குவர். பழைய நூலிலும் இல்லை, புதிய நூலிலும் இல்லை. பெண் தன் சொல்லை வைத்துக்கொண்டாள். பையன் தன் பாத்திரத்துக்கு வேறு சொல் தேர்ந்தான்; அது என்ன என்று இங்கே எழுத அவன் அனுமதிக்கவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று நூல்களையும் அச்சு விலைக்கு வாங்கினால் நூறு பவுண்ஸைத் தாண்டும். "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சில பெற்றோர் கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் 2024 ஓகஸ்டில் ஒன்று நடந்தது. விளையாட்டின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் பணம் கொடுத்துப் பழைய நூல்களை வாங்கியிருந்தவர்களின் பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களின் இடத்தில் புதியவை ஏறும் என்று அறிவித்தார்கள். பயனர்கள் கொதித்தெழ, சில நாள்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கேட்டதும் திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறேன். என்றாலும், அலுமாரியிலுள்ள காகித நூலுக்குள் நள்ளிரவில் எவரும் புகுந்து பக்கம் மாற்ற முடியாது என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

மறுபுறம் ஓர் நற்செய்தியும் உண்டு. 2023 சனவரியில் உரிமம் பற்றிய பெரும் சச்சரவுக்குப் பின் வெளியீட்டாளர் அடிப்படை விதிகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார். அந்த இசைவை இனி மீட்டுக்கொள்ள முடியாது. திருத்திய விதிகளின் அடிப்படையும் 2025 ஏப்ரலில் அவ்வாறே வெளிவந்தது. முழு நூலன்று, பின்னணிகளும் வகைகளும் அதில் குறைவு, தொடங்குவோருக்குப் போதும். பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டால் தனித்துப் போவோமோ என்று அஞ்சவும் தேவையில்லை. 2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது பலர் அதை ஏற்காமல் முந்திய விதிகளிலேயே நின்றார்கள். அவ்விதிகளின் அடியாக 2009இல் பாத்ஃபைண்டர் என்னும் தனி விளையாட்டே பிறந்து இன்றும் ஆடப்படுகிறது.

முடிவை என்னிடம் விட்டார்கள். நான் அண்ணாவியாரிடம் விட்டேன். வாரந்தோறும் மூன்று மணி நேர ஆட்டத்துக்கு ஆறு மணி நேரம் ஆயத்தம் செய்கிறவன் அவன். புதிய விதிகளின் சுமை முதலில் ஏறுவது அவன் தோளில். செப்டம்பரில் பல்கலைக்கழகம் போகிறான். "நான் தொடங்கிய விதியிலேயே இந்தக் கதை முடியட்டும் ஃபாதர். மருந்துக் குப்பியையும் களைப்பையும் மட்டும் புதிய நூலிலிருந்து எடுத்துக்கொள்வோம்" என்றான். அவ்வாறே ஆகட்டும் என்றேன். இன்னும் ஐந்து வெள்ளிகள் இருக்கின்றன. ஏழாம் அரசன் எங்கே என்று அவனுக்கே தெரியாது என்கிறான், நான் நம்பவில்லை.

செப்டம்பரில் 12, 13 வயதுப் பிள்ளைகள் புதிதாகச் சேர்கிறார்கள். அவர்களுக்குப் பழக்கத்தைக் கலைக்க வேண்டிய தொல்லை இல்லை. அவர்கள் திருத்திய விதிகளிலேயே தொடங்குவார்கள். அவர்களுக்கு அண்ணாவியாராகப் போகிறவள் நம் 15 வயதுப் பெண். தானே கேட்டு ஏற்றுக்கொண்டாள். பழைய நூலும் மேசையில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. எனவே பேரவையிடம் மூன்று நூல்கள் கேட்கவில்லை, இரண்டே கேட்கிறோம்: விளையாடுவோருக்கான நூல் ஒன்று, நடத்துபவருக்கான நூல் ஒன்று. பின்னதை விட முடியாது. நீர்வேலித் தோட்டக்காரனின் பேரனுக்குரிய பக்கம் அதில்தான் இருக்கிறது. அரக்கர்களை இலவச விதிகளிலிருந்தும் அலுமாரியிலிருந்தும் எடுத்துக்கொள்வோம்.

பேரவை வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் கூடுகிறது. அதற்கு முன், கேள்வி கேட்ட அம்மாவும் ஐயாவும் மற்றவர்களும் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்து ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டுகிறேன். வாசலிலுள்ள பதிவேட்டில் கையொப்பமிட மறவாதீர்கள். ஐயாவுக்கு ஒரு வேடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பகடை அவர்களே தருவார்கள். கண்ணாடியை மட்டும் எடுத்து வரச் சொன்னார்கள், எழுத்து சிறிது.